மூசா வீட்டு வெந்நீர்க் குழாய்

கட்டிய புருஷனைப் பற்றிப் பெண்டாட்டியே பெருமை பேசினால் கேட்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வேறு யாரும் பேசப் போவதில்லை, அதனால் நான்தான் பேசியாக வேண்டும். அவர் பெயர் இஸ்ரவேல். சொந்த ஊர் சாயர்புரம். 1991இல் பஹ்ரைனுக்கு வந்த நாளிலிருந்து பிளம்பர். நான் சுகிர்தராணி, மனாமாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குதைபியாவில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம்.

எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது என் பெரியப்பா, படித்த பெண்ணைக் குழாய் மாட்டுகிறவனுக்கா கொடுப்பது என்று எங்கள் ஊர் நாசரேத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எனக்கும் உள்ளூர அந்த எண்ணம் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். இங்கே வந்து ஐந்தாறு வருஷம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் யாராவது உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டால், கம்பெனியில் டெக்னீஷியன் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர் குணம் அப்படி. எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகிற மனுஷன் பத்து நிமிஷம் ஆளையே காணோம். போய்ப் பார்த்தால் வாஷ்பேசினுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு இருப்பார். என் தங்கை கல்யாணத்தில் கோட்டு சூட்டோடு மண்டபத்துக் குழாயைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் இவரை மண்டபத்து ஆள் என்று நினைத்து, பின்பக்கம் கக்கூஸும் அடைத்திருக்கிறது, அதையும் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் பந்திக்கு வந்தார். நான் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒன்று. அவர் போட்ட குழாய் ஒழுகுகிறது என்று ஒரு வீட்டிலிருந்தும் திரும்பக் கூப்பிட்டது கிடையாது. கம்பெனியில் அவருக்கு அந்தப் பேர் இருந்தது. பதினாலு வருஷமாகச் சம்பாதித்த பேர். 2005 கடைசியில் அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் பிறந்தால் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் வெயிலிலேயே கொதித்துவிடும். பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும். அதனால் இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் ஒன்று செய்வோம். குளியலறை ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவோம். ஹீட்டருக்குள் ஒரு டேங்க் உண்டல்லவா, அதில் நிறைந்த தண்ணீர் ஏசி ஓடுகிற வீட்டுக்குள்ளேயே கிடந்து விடிவதற்குள் ஆறிவிடும். காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும். அக்டோபர் வரைக்கும் சிவப்புப் பொட்டு வைத்த குழாயில்தான் எங்களுக்குக் குளியல். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் நீலப் பொட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அலறுவார்கள், நாங்கள் வெளியே நின்று சிரிப்போம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரிஃபாவில் மூசா என்று ஒரு பெரியவர். பஹ்ரைனி, பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ரிட்டயரானவர். எண்பதுகளில் கட்டிய பெரிய வீடு, நாலு குளியலறை, குளியலறைக்கு ஒரு ஹீட்டர். ஜனவரியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த மகன், அங்கே பார்த்த மாதிரி காம்பி பாய்லர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வரவழைத்துவிட்டான். சுவரில் மாட்டுகிற ஒரே பெட்டி, காஸில் எரியும். டேங்க் கிடையாது. குழாயைத் திறந்தால் தண்ணீரைப் போகிற போக்கிலேயே சூடாக்கி வீடு முழுக்க அனுப்பும். நாலு ஹீட்டரையும் கழற்றி எறிந்துவிடலாம். அந்த வேலை எங்கள் அவருடைய கம்பெனிக்கு வந்தது. ட்ராயிங் போட்டவர் இன்ஜினியர் விஜயபாஸ்கர். சென்னைப் பையன், இருபத்தேழு வயசு, அந்த அக்டோபரில்தான் பஹ்ரைனில் வந்து இறங்கியிருந்தார். ஆள் மோசம் என்று சொல்ல மாட்டேன், கெட்டிக்காரர்தான். கால் தரையில் பாவவில்லை, அவ்வளவுதான்.

ட்ராயிங்கில் பாய்லர் புதுசு, சுவருக்குள்ளே ஓடுகிற இரும்புக் குழாய் பாதி பழசு. என் வீட்டுக்காரர் முதல் நாள் அறுத்த குழாயில் ஒரு துண்டை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் மீன்குழம்புக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே பார்த்தால் நல்ல குழாய். உள்ளே துரு ஏறி ஏறி ஒரு பென்சில் நுழைகிற அளவுதான் வழி மிச்சம். இந்தத் துரு பாய்லருக்குள் போனால் ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும், பாய்லருக்கென்று பம்ப் வைத்துத் தள்ளுகிற வேகத்துக்கு இந்தக் குழாய் சுவருக்குள்ளேயே பிளந்துவிடும் என்று விளக்கினார். முதலில் அந்தக் கருமத்தை மேசையிலிருந்து எடுங்கள் என்றேன். மறுநாள் அதையே கொண்டுபோய் விஜயபாஸ்கரிடம் காட்டியிருக்கிறார். பையன் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, வீடு முழுக்கப் புதுக் குழாய் போடச் சம்மதித்துவிட்டார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. சுவரை வெட்டி, பழைய இரும்பை எல்லாம் பிடுங்கி எடுத்துவிட்டு, பச்சை நிறப் பிளாஸ்டிக் குழாய் ஓட்டினார். இரண்டு முனையையும் சூட்டில் உருக்கி ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் உள்ளே உருகி வழியை அடைத்துவிடும், கொஞ்சம் குறைந்தால் ஒட்டாது. மனதுக்குள் எண்ணிக்கொண்டேதான் ஒவ்வோர் இணைப்பையும் போடுவாராம். வீட்டுக்கு வந்து தூங்கும்போதும் உதடு அசையும். எண்ணுகிறாரா ஜெபம் பண்ணுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

ஹீட்டர்களைக் கழற்றுகிற நாள் வந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார். அதற்கு முன்பே கேட்டிருக்கலாம். குழாய் வேலை மும்முரத்தில் டேங்க் நினைப்பே வரவில்லை என்று பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டார். நாலு டேங்கும் தரையில் வரிசையாக நின்றபோதுதான் பொறி தட்டியிருக்கிறது. இன்ஜினியரிடம் போய்க் கேட்டார்.

“சார், டேங்க் இல்லாம இந்த வீட்ல ஜூன் மாசம் எப்படிக் குளிப்பாவ?”

விஜயபாஸ்கருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. இவர் பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வெந்நீர்க் குழாயில் பச்சைத்தண்ணீர் பிடித்துக் குளிப்பார்கள் என்றதும் பையன் சிரித்துவிட்டாராம். இதெல்லாம் நீங்கள் தங்குகிற ரூமில் பண்ணுகிற வித்தை, கோடீஸ்வரன் வீட்டில் செல்லுபடியாகாது, ட்ராயிங்கைப் பார்த்து வேலையை முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரரிடம் நேரே சொல்லலாம் என்றால், வேலையைப் பற்றிக் கஸ்டமரிடம் பேசக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். மகன் இத்தனை வருஷம் இங்கிலாந்தில் இருந்து இந்த வெயிலையே மறந்துபோனவன். தகப்பனார் பிறந்ததிலிருந்து பஹ்ரைன் வெயிலில் வளர்ந்தவர்தான், ஆனால் ஹீட்டரை அணைத்தால் குளிர்ந்த தண்ணீர் வரும் என்பதோடு சரி, அது ஏன் வருகிறது என்று அவர் எதற்கு யோசிக்கப் போகிறார்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? நாலு ஹீட்டரில் நல்ல இரண்டைப் பொறுக்கி எடுத்தார். உள்ளே படிந்திருந்த உப்பைச் சுரண்டிக் கழுவினார். சூடு வெளியே போகாமல் இருக்கச் சுற்றியிருக்கும் பஞ்சுப் போர்வையை உரித்தெறிந்தார், தண்ணீர் சீக்கிரம் ஆற வேண்டுமல்லவா. சமையல்கட்டை ஒட்டி ஏசி போட்ட ஒரு சாமான் அறை இருந்தது. அங்கே இரண்டு வெறும் டேங்கையும் சுவரில் ஏற்றி, புதுக் குழாயோடு இணைத்து, இரண்டு வால்வு வைத்தார். குளிர்காலத்தில் டேங்க் பக்கம் மூடியிருக்கும், தண்ணீர் நேராகப் பாய்லருக்குப் போகும். வெயில்காலத்தில் இரண்டையும் திருப்பினால் போதும். மாடித் தண்ணீர் டேங்குக்கு வந்து, கிடந்து ஆறி, பாய்லரைத் தொடாமல் குழாய்க்குப் போய்விடும். குழாய் மொத்தத்தையும் பம்ப் வைத்து இறுக்கி ஒரு முழுநாள் சோதனை போட்டபோது டேங்கையும் சேர்த்தே சோதித்தார். காலையில் மீட்டர் முள் நின்ற இடத்திலேயே மாலையிலும் நின்றது, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

அந்த வீட்டில் சமையல் வேலைக்கு வீரம்மாள் என்று புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளைக் கூப்பிட்டு, மே மாதம் வந்ததும் இதை இந்தப் பக்கமும் அதை அந்தப் பக்கமும் திருப்பு என்று இரண்டு தடவை திருப்பச் சொல்லிப் பழக்கிவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வேலையை ஒப்படைக்க வந்த விஜயபாஸ்கர் சாமான் அறையைத் திறந்தார். ட்ராயிங்கில் இல்லாத இரண்டு பழைய டேங்க் உரித்த கோழி மாதிரி சுவரில் தொங்குகின்றன. பையனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கஸ்டமர் வீட்டிலேயே குப்பையைப் போட்டு வைத்திருக்கிறாயா, உடனே கழற்று என்று எல்லோர் முன்னாலும் குதித்திருக்கிறார். கழற்றினால் ஒட்டிய டைல்ஸை மறுபடி உடைக்க வேண்டும். மூசா குறுக்கிட்டு, விருந்தாளிகள் வருகிற நேரத்தில் வீட்டைப் புழுதியாக்க வேண்டாம், அது பாட்டுக்குக் கிடக்கட்டும், கலாஸ், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். அதனால் டேங்க் பிழைத்தது. இவர் பிழைக்கவில்லை.

மறுவாரம் ஆபீஸில் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். இங்கிலீஷ் கடிதம். வீட்டுக்கு வந்து நான்தான் படித்துச் சொன்னேன். ட்ராயிங்கை மீறிக் கவனக்குறைவாக வேலை செய்தவர், இனிமேல் சைட் வேலைக்கு அனுப்பப்பட மாட்டார், சித்ராவில் இருக்கும் கம்பெனி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்க வேண்டும், கடிதத்தின் நகல் அவருடைய ஃபைலில் இருக்கும் என்று எழுதியிருந்தது. சம்பளம் குறையவில்லை. ஸ்டோர் நிழலான வேலைதான். ஆனால் கவனக்குறைவு என்கிற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

எனக்கு அன்றைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறுதல் சொல்ல வேண்டியவள் வாய்க்கு வந்தபடி பேசினேன். படித்தவன் போட்ட ட்ராயிங்கை நீங்கள் திருத்துவீர்களோ, சொன்னதை மாட்டிவிட்டு வந்தால் உங்கள் கை தேய்ந்தா போய்விடும், ஊரான் வீட்டில் யார் எந்தத் தண்ணீரில் குளித்தால் உங்களுக்கு என்ன என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தப்புன்னு தெரிஞ்சே மாட்டிட்டு வரச் சொல்லுதியா?”

நான் சோற்றைத் தட்டில் போட்டு வைத்தேன். சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

ஸ்டோரில் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. மூசா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாய்லரைப் பார்த்து ஆசைப்பட்டு, அவருடைய தம்பிமாரும் மைத்துனனுமாக ஐந்து வீட்டுக்கு அதே வேலையைக் கொடுத்துவிட்டார்கள். அதே ட்ராயிங். வேறு ஆட்கள் செய்தார்கள். குழாய், வளைவு, வால்வு எல்லாவற்றையும் எண்ணி எடுத்துக் கொடுக்கிற வேலை இவருக்கு. அந்த ஐந்து வீட்டுப் பட்டியலிலும் டேங்க் கிடையாது. கழற்றிய ஹீட்டர்கள் லாரியில் ஸ்டோருக்கு வரும், பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போவான். இவர் என்ன சொல்லி மடக்கினாரோ, அவனை அந்தப் பக்கமே விடவில்லை. பதினாறு ஹீட்டரையும் உரித்து, கழுவி, ஸ்டோரின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டார். எதற்கு என்று நான் கேட்டேன். ஜூன் வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

ஜூன் வந்தது. முதலில் மூசா வீட்டிலிருந்துதான் கம்பெனிக்குப் போன் போனது. பாய்லரை அணைத்தாலும் அணைய மாட்டேன் என்கிறது, எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர் என்று புகார். மெக்கானிக் போய்ப் பார்த்தால் பாய்லர் அணைந்துதான் இருக்கிறது. பாய்லருக்குள் ஒரு பாகத்தை மாற்றினார்கள். மறுபடி புகார். இன்னொரு பாகத்தை மாற்றினார்கள். அதற்குள் மற்ற ஐந்து வீட்டிலிருந்தும் போன் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்ட வாளி வாளியாக ஐஸ் கொட்டினார்களாம். விஜயபாஸ்கர் தானே போய் நீலப் பொட்டுக் குழாய்க்குக் கீழே கையை நீட்டிவிட்டு, துள்ளி எடுத்தாராம். பாவம், பையனுக்கு அதுதான் முதல் பஹ்ரைன் வெயில்காலம்.

வீரம்மாள் எங்கே போனாள் என்று கேட்பீர்கள். அவள் மே மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். ஸ்டோரில் கிடந்த இவருக்கு அதுவும் தெரியாது, மூசா வீட்டுப் புகாரும் தெரியாது. சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அவள் திருப்பிவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஜூன் பாதியில் அவள் திரும்பி வந்ததும், வீடே தண்ணீர் தண்ணீர் என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறாள். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சாமான் அறைக்குப் போய் இரண்டு வால்வையும் திருப்பியிருக்கிறாள். மறுநாள் காலையில் மூசா குளித்துவிட்டு வந்து, யார் செய்தது, என்ன செய்தது என்று கேட்டிருக்கிறார். அவர் கையைப் பிடிக்காத குறையாக அவள் கூட்டிக்கொண்டு போய் டேங்கைக் காட்டியிருக்கிறாள். இதை வைத்த அண்ணன் இப்போது எங்கே என்று அவளும் கேட்டிருக்கிறாள். மூசா நேரே கம்பெனிக்குப் போன் போட்டு, என் தம்பிமார் வீட்டுக்கும் அந்த மனிதனைத்தான் அனுப்ப வேண்டும், வேறு யாரும் வாசற்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. இங்கே எங்களுக்கு ஆராதனை வெள்ளிக்கிழமைதான். கோயிலுக்குப் போய்விட்டு வந்து நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், மணி அடித்தது. கதவைத் திறந்தால் விஜயபாஸ்கர், கக்கத்தில் சுருட்டிய ட்ராயிங். பேக்கரி மாடிப்படி ஏறி வந்ததில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எனக்கு இருந்த கோபத்துக்குக் கதவை முகத்திலேயே சாத்தியிருப்பேன். இவர் பின்னாலிருந்து, உள்ளே வாங்க சார், முதலில் தண்ணீர் குடியுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பையன் சுற்றி வளைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதைக் கேட்காமல் போனது என் தப்பு என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். ஐந்து வீட்டையும் சரி செய்ய வேண்டும், நாளைக்கே சைட்டுக்கு வாருங்கள், ஃபோர்மேனாகவே வாருங்கள், ஆபீஸில் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றார். இந்த வெயிலில் இத்தனை டேங்குக்கு எங்கே போவது என்றுதான் அவருக்குக் கவலை. ஸ்டோர் பின்பக்கம் பதினாறு இருக்கிறது, எல்லாம் கழுவித்தான் வைத்திருக்கிறேன் என்று இவர் சொன்னதும் பையன் கையிலிருந்த தண்ணீர் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, பதினாறா என்று கேட்டார். நான் கரண்டியோடு சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஃபோர்மேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மனசு குதித்தது. இவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஃபைலில் இருக்கிற கடிதம் என்ன ஆகும் என்று கேட்டார். அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றார் விஜயபாஸ்கர்.

“கிழிக்க வேண்டாம் சார். அது கெடக்கட்டும். அதுக்கு மேல இன்னொண்ணு எழுதி வைங்க. படிக்கிறவன் ரெண்டையும் படிக்கட்டும்.”

நான் ஓடிப்போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தேன். விஜயபாஸ்கர் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினார். எழுதி முடித்து இவரிடம் நீட்டினார். இவர் வாங்கி என்னிடம் நீட்டினார். நான் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். மூசா வீட்டுக் குழாய் வேலையில் எந்தக் குறையும் இல்லை, கவனக்குறைவு என்று முன்பு எழுதியது சரியல்ல, அந்த வீட்டில் தவறுதலாக விட்டுவைக்கப்பட்ட இரண்டு டேங்க் வெயில்காலத்தில் மிகவும் பயன்பட்டன என்று இருந்தது. இது போதும், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் தாளை மடிக்கப் போனேன். இவர் என் கையிலிருந்து அதை வாங்கித் திரும்பவும் மேசையில் வைத்தார்.

“தவறுதலா இல்ல சார். தெரிஞ்சேதான் வச்சேன். அப்படியே எழுதுங்க.”

விஜயபாஸ்கர் பேனாவைத் திறந்து, தவறுதலாக விட்டுவைக்கப்பட்ட என்ற இடத்தை அடித்தார். மேலே, தெரிந்தே வைத்த என்று எழுதினார். அடித்த இடத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டு, கீழே பெரிய கையெழுத்தும் போட்டார். இவர் மை காயும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தட்டுகளை ஓரமாக நகர்த்தி, ட்ராயிங்கை விரிக்கச் சொன்னார்.